சர்க்கரை நோட்டு

1

கோலார் தங்கவயலில் மாரிக்குப்பம் என்று ஓர் இடம் உண்டு. கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. அங்கே வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும். லைன் வீடுகள் என்பார்கள். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீடுகள் அவை. சுரங்கம் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதன் பிறகு பலர் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். பொழுது விடியும் முன் ரயில் ஏறுவார்கள். இருட்டிய பிறகு வீடு திரும்புவார்கள்.

அருள்தாஸும் அப்படிப் போகிறவர்தான். வயது 46. பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. பன்னிரண்டு மணி நேர வேலை. பாதி நேரம் நின்றே இருக்க வேண்டும்.

ஒரு கோடையில் தாஸுக்கு ஓயாத தாகம் எடுத்தது. இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்தார். நன்றாகத்தான் சாப்பிட்டார். ஆனாலும் உடம்பு இளைத்தது. பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டுக்கொண்டார்.

"வெயில் சூடு. மழை வந்தா சரியாயிடும்" என்றார்.

மழை வந்தது. தாகம் போகவில்லை.

வலது கால் சுண்டு விரலில் பூட்ஸ் கடித்து ஒரு புண். மூன்று வாரம் ஆகியும் ஆறவில்லை. வலியும் இல்லை. வலி இல்லாததால் தாஸ் அதைக் கவனிக்கவே இல்லை. மனைவி ராணிதான் கவனித்தார்.

அந்தச் சமயத்தில் ஆஷா பணியாளர் லதா தெருவுக்கு வந்தார். 30 வயது தாண்டியவர்கள் யார் யார் என்று வீடு வீடாக எழுதினார். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டார். இடுப்பை டேப்பால் அளந்தார்.

"ஞாயித்துக்கிழமை முகாம் இருக்கு. சர்க்கரை பாப்பாங்க. பிரஷர் பாப்பாங்க. காசு கிடையாது. அண்ணனைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

தாஸ் வர மறுத்தார். ராணி விடவில்லை. முகாமில் நர்ஸ் விரல் நுனியில் ஊசியால் குத்தினார். ஒரு சொட்டு இரத்தத்தை எடுத்துக் கருவியில் வைத்தார். சில நொடிகளில் எண் வந்தது.

312.

ராணி சென்ற ஆண்டுதான் எழுதப் படிக்கக் கற்றவர். அந்த எண்ணை அவரே படித்தார். அது நல்ல எண்ணா கெட்ட எண்ணா என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை. நர்ஸின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

2

மறுநாள் அரசு மருத்துவமனையில் முழுச் சோதனை. இரவு சாப்பிட்டது. பிறகு எட்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் தவிர வேறு எதுவும் இல்லை. வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்தார்கள். அளவு 214. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். அளவு 330.

வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். நடுவில் இருப்பவர்கள் நோயின் வாசலில் நிற்பவர்கள்.

தாஸ் வீட்டுக்கு வந்தார். யாரிடமும் பேசவில்லை. அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாளும் அரை வயிறுதான்.

அவருக்குப் பயம். பயத்துக்குக் காரணம் இருந்தது.

அவருடைய அண்ணன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அண்ணனுக்கும் சர்க்கரை இருந்தது. தெரிந்த பிறகும் ஆறு ஆண்டுகள் அவர் மாத்திரை போடவில்லை. "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. விரலை எடுத்தார்கள். பிறகு பாதத்தை எடுத்தார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர் இரண்டு ஆண்டுகள்தான் இருந்தார்.

தாஸ் தன் சுண்டு விரலைப் பார்த்தார். அண்ணனின் கால்தான் கண்ணில் வந்தது.

"வேலையிடத்துல சொல்லாதே. தெரிஞ்சா நிறுத்திடுவாங்க" என்று மட்டும் ராணியிடம் சொன்னார்.

3

மூன்றாம் நாள் இருவரும் மருத்துவரைப் பார்க்கப் போனார்கள். மருத்துவர் நடுவயதுப் பெண். அவருடைய அப்பாவும் அதே சுரங்கத்தில் இருந்தவர்.

தாஸ் கேட்டார். "நான் இனிப்பே அதிகம் சாப்பிடறதில்லையே டாக்டர். எனக்கு எப்படி சர்க்கரை வந்துச்சு?"

"நீங்க சாப்பிடற களி, சோறு, ரொட்டி எல்லாமே வயித்துக்குள்ள சர்க்கரையாத்தான் மாறுது. அந்தச் சர்க்கரை இரத்தத்துல கலக்குது. உடம்பு வேலை செய்ய அதுதான் எரிபொருள்."

பிறகு மருத்துவர் சுரங்கத்தை வைத்தே சொன்னார்.

"குழியிலிருந்து வண்டி வண்டியா கல் வரும். மில்லுக்குள்ள போனாத்தான் அதை அரைச்சுத் தங்கம் எடுக்க முடியும். மில் கதவு திறக்கலைன்னா என்ன ஆகும்? வண்டியெல்லாம் வெளியில தேங்கி நிக்கும். உள்ளே மில்லு சும்மா கிடக்கும். உங்க உடம்புல அதுதான் நடக்குது. கதவைத் திறக்கிற சாவிக்குப் பேரு இன்சுலின். வயித்துக்குப் பின்னால கணையம்னு ஓர் உறுப்பு இருக்கு. அதுதான் இன்சுலினைச் செய்யுது. உங்களுக்குச் சாவி போதலை. இருக்கிற சாவியும் சரியாத் திருகலை. அதனால சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கி நிக்குது."

"அப்ப ஏன் இவரு இளைச்சாரு?" ராணி கேட்டார்.

"சர்க்கரை உள்ளே போகலை. உடம்புக்குப் பசி. அதனால தன் கொழுப்பையும் சதையையும் எடுத்து எரிக்குது."

தாகத்துக்கும் காரணம் சொன்னார். இரத்தத்தில் சர்க்கரை அளவு மீறினால் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் வெளியே தள்ளும். சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உடம்பு வறண்டு தாகம் எடுக்கும். இந்தச் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை நம் பழைய வைத்தியர்களே கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். மதுமேகம் என்ற பழைய பெயரில் மது என்பது தேனைக் குறிக்கும்.

இன்னொரு சோதனையும் எடுத்தார்கள். அது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனை. இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அவற்றில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள். நேற்று பட்டினி கிடந்து இன்று வந்தாலும் இந்தச் சோதனையை ஏமாற்ற முடியாது. 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய். தாஸுக்கு 10.2 இருந்தது.

"என் அண்ணனுக்குக் காலை எடுத்தாங்க டாக்டர்" என்றார் தாஸ். குரல் கம்மியது.

மருத்துவர் எழுந்து வந்தார். குனிந்து சுண்டு விரலைப் பார்த்தார். ஒரு மெல்லிய நரம்பு போன்ற நைலான் நூலால் பாதத்தில் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "தெரியுதா? இங்கே தெரியுதா?" என்று கேட்டார். சில இடங்களில் தாஸுக்குத் தெரியவில்லை.

"சர்க்கரை ரொம்ப நாள் அதிகமா இருந்தா நரம்பு மரத்துப் போகும். செருப்புல கல் இருந்தாலும் தெரியாது. இரத்த ஓட்டமும் குறையும். அதனாலதான் புண் ஆறலை. ஆனா உங்க புண்ணு எலும்புக்குப் போகலை. இப்ப வந்ததுனால காப்பாத்திடலாம். உங்க அண்ணனுக்கு வந்தது உங்களுக்கு வந்தே தீரணும்னு இல்லை."

புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். இரண்டு வகை மாத்திரைகள் கொடுத்தார்கள். ஒன்று மெட்பார்மின் 500 மி.கி. காலையும் இரவும். இன்னொன்று கிளிமிபிரைடு 1 மி.கி. காலையில் மட்டும். மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைத்தன.

4

இனி சாப்பாடு. இங்கேதான் வீட்டில் சண்டை வந்தது.

தங்கவயலில் ராகிக் களி முக்கியமான உணவு. சர்க்கரைக்கு ராகி நல்லது என்று ஊரெல்லாம் சொன்னார்கள். தாஸ் சோற்றை நிறுத்திவிட்டார். இரவில் பெரிய உருண்டையாக இரண்டு களி சாப்பிட்டார். கூடவே ஒரு சொம்பு ராகிக் கூழ். "ராகிதானே" என்றார்.

ராகி நல்ல தானியம்தான். சுண்ணாம்புச்சத்து நிறைய உண்டு. நார்ச்சத்தும் உண்டு. ஆனால் 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரிசியில் 78 கிராம். பெரிய வித்தியாசம் இல்லை. மாவுச்சத்து எல்லாம் சர்க்கரையாகத்தான் மாறும். கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் சீக்கிரம் ஏறும். எந்தத் தானியம் என்பதை விட எவ்வளவு என்பதுதான் கேள்வி.

ராணி இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தார். தாஸ் வழக்கம்போல இரண்டு பெரிய உருண்டை சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துத் துணை சுகாதார நிலையத்தில் பார்த்தார்கள். 286. அடுத்த ஞாயிறு ஒரே ஒரு சிறிய உருண்டை. கூடவே ஒரு பெரிய கிண்ணம் கீரை, கொள்ளுக் குழம்பு, ஒரு முட்டை. அன்று 191. மாத்திரையும் கொஞ்சம் வேலை செய்திருக்கும். ஆனாலும் உருண்டையின் அளவுக்குப் பங்கு உண்டு என்று இருவருக்கும் புரிந்தது.

அதற்குப் பிறகு தட்டை ராணி மனதில் கோடு போட்டுப் பிரித்தார். பாதித் தட்டு காய், கீரை. கால் தட்டு களி அல்லது சோறு. மிச்சக் கால் தட்டு பருப்பு, கொள்ளு, முட்டை, மீன் இவற்றில் ஒன்று. உருளைக்கிழங்கும் மரவள்ளியும் காய்க் கணக்கில் வராது. அவை சோற்றுக் கணக்கு.

டீயும் ஒரு விஷயம். தாஸ் ரயிலில் ஒன்று, வேலையிடத்தில் நான்கு என்று ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பார். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பத்து ஸ்பூன் சர்க்கரை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது. முதல் வாரம் சர்க்கரை இல்லாத டீ அவருக்குக் கஷாயம் போல இருந்தது. வெல்லம் போடலாமா என்று கேட்டார். வெல்லமும் சர்க்கரைதான். தேனும் அப்படித்தான். இரண்டு டீயாகக் குறைத்துக்கொண்டார். மாதம் போகப் போக நாக்கு பழகிவிட்டது.

5

இரண்டாவது வாரத்தில் அந்தச் சம்பவம் நடந்தது.

தாஸ் விடியுமுன் எழுவார். மாத்திரைகளைப் போடுவார். ஒரு வெறும் டீ குடித்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுவார். வேலையிடத்துக்குப் போய்ப் பத்து மணிக்குத்தான் சாப்பிடுவார். அன்று ரயில் டேகல் பக்கத்தில் வெகு நேரம் நின்றுவிட்டது. தாஸுக்குக் கை நடுங்கியது. சட்டை நனையும் அளவுக்கு வேர்த்தது. நெஞ்சு படபடத்தது. எதிரே இருந்தவர் கேட்டதற்குப் பதில் சொல்லப் பார்த்தார். நாக்கு குழறியது.

"காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்" என்றார் ஒருவர்.

நல்ல வேளை, கூட வேலை செய்யும் முனுசாமி பக்கத்தில் இருந்தார். முனுசாமியின் அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. அவருக்கு விஷயம் தெரியும். டீ விற்பவரிடம் மூன்று ஸ்பூன் சர்க்கரை வாங்கினார். கொஞ்சம் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் தாஸ் தெளிந்தார். பிறகு முனுசாமி தன் டப்பாவிலிருந்த இட்லியைக் கொடுத்தார்.

இதற்குத் தாழ் சர்க்கரை என்று பெயர். அளவு 70-க்குக் கீழே போனால் இப்படி வரும். கவனிக்காவிட்டால் நினைவு தப்பும். உயிருக்கே ஆபத்து வரலாம். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரை, அல்லது அரைத் தம்ளர் இனிப்புப் பானம் தர வேண்டும். 15 நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். தெளியவில்லை என்றால் இன்னொரு முறை தர வேண்டும். தெளிந்த பிறகு சாப்பாடு தர வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலில் போய்விடும். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். 108-ஐ அழைக்கலாம்.

தாஸ் அன்று ஒரு முடிவு எடுத்தார். மாத்திரைதான் தன்னைத் தள்ளிவிட்டது என்று நினைத்தார். மாத்திரையை நிறுத்திவிட்டார். ராணியிடம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் பாகற்காய்ச் சாறு குடித்தார். ரயிலில் ஒருவர் ஒரு பொடியைக் காட்டினார். மூன்றே மாதத்தில் சர்க்கரை அடியோடு போகும் என்றார். அதையும் ஒரு டப்பா வாங்கினார்.

பாகற்காய் நல்ல காய். வெந்தயமும் நல்லதுதான். சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவை மாத்திரையின் வேலையைச் செய்யாது. பெயர் தெரியாத பொடிகளில் இன்னோர் ஆபத்து உண்டு. சர்க்கரை மாத்திரையையே அளவில்லாமல் அரைத்துக் கலந்த பொடிகள் சோதனைகளில் பிடிபட்டிருக்கின்றன.

பத்து நாள் கழித்து ராணி மாத்திரை அட்டைகளை எடுத்து எண்ணினார். வகுப்பில் கற்ற கழித்தல் கணக்கு அவருக்குப் பிடிக்கும். மெட்பார்மின் 60 மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு 2. இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது. 44 தீர்ந்திருக்க வேண்டும். மிச்சம் 16 இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் 36 இருந்தது.

மறுபடியும் எண்ணினார். 36 தான்.

தாஸ் இரவு ஒன்பது மணிக்கு வந்தார். ராணி அட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்திருந்தார்.

"இருபது மாத்திரை எங்கேங்க போகாம நிக்குது?"

தாஸ் ரயிலில் நடந்ததைச் சொன்னார். "என்னைக் குடிகாரன்னு சொன்னாங்க, ராணி. அந்த மாத்திரை எனக்கு வேணாம்."

ராணிக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. "உங்க அண்ணனும் இப்படித்தானே அண்ணிகிட்ட சொல்லாம நிறுத்தினாரு" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

6

தாஸ் ஒரு நாள் விடுப்பு எடுத்தார். சம்பளம் போயிற்று. மருத்துவமனையில் வெறும் வயிற்றில் பார்த்தார்கள். 232.

மருத்துவர் திட்டவில்லை. "காலையில எத்தனை மணிக்குச் சாப்பிடறீங்க?" என்று கேட்டார்.

"பத்து மணிக்கு."

"மாத்திரை?"

"எழுந்ததும் போட்டுடுவேன்."

மருத்துவர் பேனாவை வைத்தார். "இதை நான் முதல் நாளே கேட்டிருக்கணும். என் தப்புதான். கிளிமிபிரைடு மாத்திரை கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பாடு வரலைன்னாலும் அது வேலையைச் செஞ்சுகிட்டே இருக்கும். அதனாலதான் சர்க்கரை கீழே இறங்கிடுச்சு. இனிமே காலையில முதல் சாப்பாடு எப்பவோ, அப்பத்தான் இதைப் போடணும். சாப்பாடு இல்லைன்னா இந்த மாத்திரையும் இல்லை. மெட்பார்மின் சாப்பிட்டதும் போடுங்க. வயித்தைப் புரட்டாது."

மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று பலர் சொல்கிறார்களே என்று தாஸ் கேட்டார். மருத்துவர் தலையை ஆட்டி மறுத்தார். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் கட்டுப்படாத இரத்த அழுத்தமும்தான். அதற்காக ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரையும் இரத்தத்தையும் சோதிக்க வேண்டும். கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் சோதனையும் ஆண்டுக்கு ஒரு முறை தேவை. பார்வை நன்றாக இருக்கும்போதே உள்ளே இரத்தக் குழாய் கெட்டுக்கொண்டிருக்கலாம். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவர்களுக்கு மாத்திரையின் அளவை மருத்துவர் மாற்றுவார். தாமாக நிறுத்துவது வேறு, மருத்துவர் மாற்றுவது வேறு.

மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும். சுரங்கத் தூசியை மூச்சில் இழுத்த குடும்பங்கள் நிறைந்த ஊரில் இதை அவர் எல்லாரிடமும் சொல்வார்.

7

மறுநாள் முதல் ராணி ஒரு நோட்டுப் போட்டார். நாற்பது பக்க நோட்டு. நான்கு கட்டம். தேதி, வெறும் வயிற்றில், சாப்பிட்ட பின், கால்.

காலைச் சாப்பாட்டை ராணி டப்பாவில் கட்டிக் கொடுத்தார். இரண்டு சப்பாத்தி, பொரியல். தாஸ் ரயில் ஏறி உட்கார்ந்ததும் சாப்பிடுவார். அப்போதே மாத்திரை. சீருடையின் மேல் பையில் சிறிய சர்க்கரைப் பொட்டலம் எப்போதும் இருக்கும். முனுசாமிக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் விஷயத்தைச் சொல்லி வைத்தார். வேலையிடத்து மேற்பார்வையாளரிடமும் ஒரு நாள் சொன்னார். அவர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. "எனக்கும் எட்டு வருஷமா இருக்கு" என்றார்.

இந்தியாவில் ஏறக்குறைய 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் தெரிவித்தது. ஒரு ரயில் பெட்டியில் பத்துப் பேராவது இருப்பார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

தினமும் இரவு ராணி தாஸின் காலைப் பார்ப்பார். விரல் இடுக்கு, குதிகால், உள்ளங்கால். காலை வெந்நீரில் வைக்க விடமாட்டார். மரத்த காலுக்குச் சூடு தெரியாது. கழுவித் துடைத்துவிட்டு இடுக்கில் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்வார். பூட்ஸுக்குள் கையை விட்டுத் துழாவிய பிறகுதான் தாஸ் அதை மாட்டுவார். ஒரு நாள் உள்ளே ஓர் ஆணி முனை நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளும் செருப்பு. முதலில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. லைன் வீட்டில் யாரும் உள்ளே செருப்புப் போடுவதில்லை.

நடைக்கு நேரம் இல்லை என்றார் தாஸ். வாரத்தில் 150 நிமிடம் வேக நடை வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒரே அடியாக நடக்க வேண்டியதில்லை. புண் ஆறிய பிறகு மதியச் சாப்பாடு முடிந்ததும் குடியிருப்பைப் பதினைந்து நிமிடம் சுற்றி வந்தார். ரயில் இறங்கி ஆட்டோ ஏறாமல் வீட்டுக்கு நடந்தார். சாப்பிட்ட பின் நடந்தால் தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாவி குறைவாக இருந்தாலும் கதவு கொஞ்சம் திறக்கும்.

சுண்டு விரல் ஆறு வாரத்தில் ஆறியது.

மூன்று மாதம் கழித்துச் சராசரிச் சோதனை எடுத்தார்கள். 10.2 இருந்தது 7.6 ஆகியிருந்தது. 7-க்குக் கீழே வர வேண்டும் என்றார் மருத்துவர். தாஸ் கொஞ்சம் ஏமாந்தார். ராணிக்குச் சந்தோஷம்.

நோட்டில் எல்லா எண்களும் நன்றாக இருந்தன என்று சொல்ல முடியாது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் 268 என்று இருந்தது. அன்று பிரியாணியும் கேக்கும் சாப்பிட்டிருந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடு என்றார் தாஸ். ராணி கிழிக்கவில்லை. பக்கத்தில் "கிறிஸ்துமஸ்" என்று எழுதி வைத்தார். காய்ச்சல் வந்த வாரத்திலும் எண் ஏறியது. அப்போது இனிப்பு எதுவும் சாப்பிடவில்லை. நோய் வந்தாலே சர்க்கரை ஏறும் என்று லதா சொன்னார். ராணி அதையும் எழுதினார்.

பொங்கலுக்கு அண்ணன் மகன் வந்தான். அவனுக்கு 31 வயது. பெங்களூரில் கார் ஓட்டுகிறான். தாஸ் அவனைக் கையைப் பிடித்து முகாமுக்கு இழுத்துப் போனார்.

"எனக்கு எதுக்கு சித்தப்பா? நான் நல்லாத்தானே இருக்கேன்."

"உங்க அப்பாவும் இதேதான் சொன்னாரு. விரலை நீட்டுடா."

அவனுக்குச் சாதாரண அளவுதான் இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறை வந்து பார்க்கச் சொன்னார்கள்.

லதா நோட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரையும் கூட்டிட்டு வந்தீங்க. உங்களுக்குப் பாத்தாச்சா அக்கா?" என்று ராணியிடம் கேட்டார்.

ராணி சிரித்தார். அவருக்கு 42 வயது. இதுவரை ஒரு முறையும் பார்த்ததில்லை. அன்று காலை அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. வீட்டில் எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடலாம் என்று இருந்தார்.

நர்ஸ் விரலில் குத்தினார். ராணி எண்ணைத் தானே படித்தார். 114.

மருத்துவமனையில் ஒரு முறை முழுச் சோதனை எடுக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். தாஸ் ராணியின் கையிலிருந்து நோட்டை வாங்கினார். கடைசிப் பக்கத்திலிருந்து திருப்பினார். புதிய பக்கத்தில் நான்கு கட்டம் போட்டார். மேலே ராணி என்று எழுதினார். தேதி போட்டார். பக்கத்தில் 114 என்று எழுதினார்.

படித்த பின் பேசுங்கள்

1. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீர்கள்? எத்தனை ஸ்பூன் ஆகிறது?

2. ராணிக்கு 114 என்று வந்தது. 100, 126 என்ற எண்களோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

3. உங்கள் வீட்டில் ஒருவர் திடீரென்று நடுங்கி வேர்த்துப் பேச்சுக் குழறினால் முதலில் என்ன தருவீர்கள்? எவ்வளவு தருவீர்கள்?

4. 30 வயதுக்கு மேற்பட்டவர்கள் உங்கள் வீட்டில் யார் யார்? பெயர்களை எழுதுங்கள். சர்க்கரை பார்த்தவர்கள் பெயருக்கு நேரே தேதி எழுதுங்கள்.